நாச்சி திரும்பிப் பார்க்கமாட்டாள்

மாதா மேல் ஆணை. அது போதாது என்பவர்களுக்காக, என் ஒரே மகள் அமலோற்பவத்தின் தலையில் கை வைத்துச் சொல்கிறேன்: இதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இன்று சாப்பிட்ட சோறு எனக்குச் செரிக்கக்கூடாது. கதை அவளைப் பற்றியது. நடுவில் அவளைப் பெற்ற ஒரு கிழவரும் வருவார். அது நான்தான். தன்னைத் தானே ‘நான், நான்’ என்று சொல்லிக்கொள்வது பெரிய மனிதனுக்கு அழகில்லை என்பதால் ‘அவர்’ என்றே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் கடல் பழைய ரயில்வே கேட் வரைக்கும் வந்து, அதற்கு மேல் வரக் கூச்சப்பட்டு நின்றுவிட்ட காலம் அது. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனி. அதன் மாடியில் எபனேசரின் வீடியோ கேம் கம்பெனி. கீழே ஐஸ் பாளங்கள் உறைய உறைய மாடித் தரை சில்லிட்டுக் கிடக்கும். படிக்கட்டு வழியாக வெண்புகை ஏறி வந்து மேசைக் கால்களைச் சுற்றிப் பூனைபோலச் சுருண்டுகொள்ளும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஊரே படுத்துவிடும். உப்புக் குவியல்கள் வெயிலில் வெள்ளைக் கூடாரங்களாக மிதக்கும். துறைமுகத்துச் சங்கு ஊதினால்கூட யாரோ கொட்டாவி விட்டதுபோலத்தான் கேட்கும். அந்த நேரத்தில்தான் மாடியில் வேலை சூடுபிடிக்கும். அந்தக் கம்பெனிக்குச் சரக்கே தூக்கம்தான்.

அமலோற்பவத்துக்கு அங்கே குணக்காவல் உத்தியோகம். முதல் பாகத்தில் இடது கையால் தாழ்ப்பாள் போட்ட கதாபாத்திரம் இரண்டாம் பாகத்தில் வலது கையால் போட்டால் கூப்பாடு போட வேண்டியது அவள் பொறுப்பு. முன்னுக்குப் பின் முரணாக ஒரு தும்மல் வந்தாலும் அவளுக்குக் காது கூசும். அப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு.

பத்து வருஷத்துக்கு முன்பு அவளைப் பெண் பார்க்க மணப்பாட்டிலிருந்து ஒரு குடும்பம் பெரியதாழைக்கு வந்தது. அவளுடைய அப்பா வந்தவர்களை உட்காரவைத்து, எங்கள் வீட்டுக் கிணற்றில் சோடா ஊறுகிறது, சித்திரை மாதத்தில் பன்னீர் வாசனைகூட வரும் என்று சாதாரணமாகச் சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பனார் எதையும் நேரில் பார்க்க வேண்டும் என்கிற ரகம். எழுந்துபோய் ஒரு வாளி இறைத்துக் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார். காப்பி ஆறுவதற்குள் குடும்பமே கிளம்பிப் போய்விட்டது. அன்றைக்குக் கிணற்றில் கேஸ் கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

அமலோற்பவம் ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். பின்னால் கிழவர் பித்தளைச் செம்பால் கதவில் தட்டித் தட்டிக் கூப்பிட்டார்: “அமலா, ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டாவது போ!” அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மாதமே எபனேசரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வருஷம்தான் ‘கடைசிக் குடம்’ முதல் பாகம் வெளிவந்தது. உப்பு நீர் ஊர்களை விழுங்கிவிட, மிஞ்சியவள் நாச்சி. இடுப்பில் ஒரு குடம் நல்ல தண்ணீர். யாருக்கும் ஒரு சொட்டுத் தரமாட்டாள். விளையாட்டு முழுக்க அவளோடு நடந்து, அவளுக்காகப் பாம்புக்கடி வாங்கிய மூக்கன் கடைசியில் இரும்புக் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் கேட்பான். நாச்சி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நடந்துபோவாள். நாடு முழுக்க இளைஞர்கள் அழுதார்கள். அழுதுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆடினார்கள். ‘நாச்சி திரும்பிப் பார்க்கமாட்டாள்’ என்று ஆட்டோக்களின் முதுகில் எழுதினார்கள்.

இரண்டாம் பாகத்தின் ஒத்திகை ஒரு மத்தியானத்தில் நடந்தது.

“அமலா, இங்க வாங்க. இந்தக் கூத்தைப் பாருங்க,” என்றார் எபனேசர்.

திரையில் நாச்சி வெறிச்சோடிய ஒரு மேம்பாலத்தில் நடந்துகொண்டிருந்தாள். நொண்டி நாய் ஒன்று எதிரே வந்தது. பழைய நாச்சியாக இருந்தால் கல்லைத் தேடியிருப்பாள். இவள் குந்தி உட்கார்ந்தாள். உள்ளங்கையைக் குவித்துத் தண்ணீர் ஊற்றினாள். நாய் நக்கிக் குடித்தது. பிறகு எழுந்து, பின்னால் இன்னும் யாராவது தாகத்தோடு வருகிறார்களா என்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள்.

“இது நாச்சி இல்ல சார்.”

“நாச்சியோட சின்னம்மா. தர்மம் பண்ண வந்திருக்கா.”

“யார் எழுதினது இதை?”

“யாரும் எழுதலையே! அதான பிரச்சினை.” எபனேசருக்குக் கவலை வந்தால் எதிராளிக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லுவார். “முழிச்சிருக்கிற புத்திக்கு ஆயிரம் வேஷம். தூங்கும்போதுதான் குணம் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு உலாத்தும். ஒரு ஆளுக்குத் தொப்பியை மாட்டித் தூங்கவெச்சு அந்தக் குணத்தை மட்டும் இறக்கிக்கிட்டோம்னா, அப்புறம் எங்க கொண்டுபோய் விட்டாலும் நாச்சி தன்னால நடப்பா. வாசல்ல காப்பி போடுற செல்லக்கிளியம்மா தூக்கத்துல இருந்துதான நாச்சியை எடுத்தோம்? பக்கத்துல தொணைக்குப் படுத்ததே நீங்கதான?”

அவள்தான். தனியாகப் படுப்பவருக்குப் பயக் கனவுதான் வரும் என்று, கனவை இறக்கும் அந்தப் பழைய மெஷினுக்கு ஒரு துணை ஆளும் தேவைப்பட்டது. இரண்டு தொப்பிகள். கறுப்புத் தொப்பியின் கனவை மெஷின் வைத்துக்கொள்ளும். பச்சைத் தொப்பி துணைக்கு. அதன் கனவைக் கழித்து வெளியே கொட்டிவிடும். இப்போது வந்திருக்கும் புது மெஷினுக்குத் துணை வேண்டாம். செல்லக்கிளி தனியாகப் படுத்து, சிரித்துக்கொண்டே தூங்கி எழுந்து போயிருந்தாள்.

“முதல் தடவை வந்தப்போ அந்தம்மா பெருவெள்ளத்துல தண்ணித் தொட்டி உச்சியில தனியா உக்காந்து பொழைச்சு வந்த நேரம். படகெல்லாம் நிக்காமப் போச்சு. மனசு கல்லா இருந்துச்சு. இப்ப கரைஞ்சுட்டாங்க.”

“ஆளு மாறினா கதையும் மாறட்டுமே சார்.”

“சொல்றது யாரு, குணக்காவலா? நாச்சி மாறினான்னா ரசிகனுங்க என்னை ஐஸ்ல வெச்சு ஏத்துமதி பண்ணிருவானுங்க. அந்தம்மா பழையபடி உறையணும். எது கரைச்சுச்சோ அதை எடுத்துட்டா தன்னால உறைஞ்சிரும். கீழ தினமும் பாக்குறோமே.”

செல்லக்கிளியைக் கரைத்தது எது என்று கண்டுபிடிக்க ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஐஸ் கம்பெனி வாசலிலேயே அவள் கருப்பட்டிக் காப்பிக் கடை. அங்கேயே பாளம் இழுக்கும் வைகுண்டம் அவள் புருஷன். அமலோற்பவம் போனபோது அவன் ஓர் உடைந்த ஐஸ் துண்டைப் பூனைக்கு முன்னால் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான்.

“எம்மா, வாங்க. இந்தப் பூனை போன பிறவில தாசில்தாரா இருந்துச்சு, தெரியும்லா? கை நனையாம ஒரு வேலை பாக்காது. இப்பப் பாருங்க, நனைச்சாச்சு. இனி எலியப் பிடிக்கக் கையெழுத்துப் போடும்.”

“ஏங்க, வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருங்களேன்,” என்று சொல்லிவிட்டுச் செல்லக்கிளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் டம்ளரில் ஊற்றிய காப்பி பாதி வெளியே போயிற்று. “எக்கா, இவரு சொல்லுததுல ஒண்ணுகூட உண்மை கிடையாது. ஆனா கேக்காம ஒருநாள் இருக்க முடியல பாத்துக்கிடுங்க.”

பொய் சொல்லும் ஆண்பிள்ளையைப் பார்த்து ஒருத்தி சிரிக்கிறாள். அமலோற்பவத்துக்கு அது விளங்கவில்லை. விளங்காததால் காரியத்துக்கு வந்தாள்.

அந்தக் காலத்தில் தென் துருவத்துப் பனிமலைகளை அறுத்து, கயிறு கட்டி, நம் கடலுக்கு இழுத்துவரும் கப்பல்கள் இருந்தன. போனால் திரும்ப மூன்று வருஷம். வைகுண்டத்துக்கு அதில் வேலைக்குச் சொல்லிவைத்திருப்பதாக அவள் தெரிவித்தாள். வைகுண்டம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டான்.

“பனிமலையா? ஏட்டி, கேட்டியா! நான் இழுக்கதெல்லாம் குட்டி. இனி அதோட ஆத்தாளயே இழுக்கப்போறேன்!”

செல்லக்கிளியின் சிரிப்பு நின்றது. “யாரு இவருக்கு வேல பாத்துக் குடுத்தது?”

“எங்க கம்பெனிதான்.”

“நல்லா இருங்க,” என்றாள் செல்லக்கிளி. மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு சிந்திய காப்பிக்குப் பதிலாக அமலோற்பவத்தின் டம்ளரை மறுபடி நிறைத்துக் கொடுத்தாள். அமலோற்பவம் குடித்துவிட்டு மாடிப்படி ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கப்பல் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி மத்தியானம் செல்லக்கிளி படுக்க வந்தாள். புது மெஷினுக்கு ராசி போதாது என்று எபனேசர் பழைய மெஷினைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி வைத்திருந்தார். இரண்டு பாய், இரண்டு தலையணை. அமலோற்பவம் கறுப்புத் தொப்பியை எடுத்துச் செல்லக்கிளியிடம் நீட்டினாள்.

“ஐயே, அது வேண்டாம்க்கா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா தலையில கறுப்பா? புருஷன் கடல்ல போகப்போறாரு. போன தடவையும் நீங்கதான மாத்திக் குடுத்தீங்க? அந்தப் பச்சையக் குடுங்க.”

எபனேசர் அறைக்கு வெளியே கண்ணாடிக்குப் பின்னால் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். அமலோற்பவத்துக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. விவாதிக்கவும் பொறுமை கிடையாது. பச்சையைக் கொடுத்துவிட்டுக் கறுப்பைத் தானே மாட்டிக்கொண்டு படுத்தாள். போன தடவையும் அப்படித்தான் செய்திருந்தாள். செல்லக்கிளிக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கீழிருந்து புகை ஏறி வந்து இரண்டு பாய்களையும் மூடியது. ஐஸ் மெஷினின் முனகல் தூரத்துப் படகாக மாறியது. அமலோற்பவம் தண்ணீரில்லாத ஒரு கடலின் அடியில் நடந்தாள். சிப்பிகள் காலடியில் நொறுங்கின. படகுகள் தலைக்கு மேல் வெறும் காற்றில் மிதந்து போயின. அவளுக்குப் பின்னால் ஒரு கதவு. அந்தக் கதவில் யாரோ செம்பால் தட்டினார்கள். டங், டங். அவள் நடந்தாள். டங், டங். நடந்துகொண்டே இருந்தாள்.

விழித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எபனேசர் துள்ளிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டா! நாச்சி வந்துட்டா!”

அவள் எழுந்துபோய்ப் பார்த்தாள். அதே மேம்பாலம், அதே நொண்டி நாய். நாச்சி கல்லை எடுத்தாள். நாய் ஓடியது. அடுத்து இரும்புக் கதவு. நாச்சி தாழ்ப்பாளைப் போட்டாள். இடது கையால்தான். அப்போது வெளியிலிருந்து சத்தம் வந்தது. டங், டங்.

“இது என்ன சத்தம்னுதான் தெரியல. முதல் பாகத்துலயும் இருந்துச்சு. மூக்கன் கதவத் தட்டுறான்னு விட்டுட்டோம். பித்தளை மாதிரி இருக்குல்ல?”

அமலோற்பவத்துக்குத் தலையில் இன்னும் கறுப்புத் தொப்பி இருப்பது அப்போதுதான் கனத்தது. அறைக்குள் திரும்பினாள். செல்லக்கிளி பச்சைத் தொப்பியைக் கழற்றித் தலையை உதறிக்கொண்டிருந்தாள்.

“செல்லக்கிளி, அந்தத் தண்ணித் தொட்டி மேல இருந்தீங்களே. அப்ப உங்களுக்குக் கோபமே வரலையா?”

“யார் மேலக்கா?”

“நிக்காமப் போன படகுக்காரங்க மேல.”

“பாவம், அவன் படகுல நிக்க எடமில்ல. புள்ளைகளா இருந்துச்சு. நாந்தான் ‘போ, போ’ன்னு கையக் காட்டுனேன். எங்கூட ஒரு காக்காயும் ஒரு சாரைப் பாம்பும் இருந்துச்சு. குடத்துத் தண்ணிய மூணு பேரும் குடிச்சோம். பாம்புதான் கொஞ்சம் அவசரப்படும்.” அவள் பாயைச் சுருட்டினாள். “இப்பக் கனவுலகூட அதுதான் வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு அதுக்குப் பூனை கதை சொல்லிக்கிட்டிருந்தாரு.”

பத்து வருஷத்துக்கு முன்பும் இன்றைக்கும் மெஷின் கழித்து வெளியே கொட்டியது அதைத்தான்.

அமலோற்பவம் தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எபனேசரிடம் வந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நாச்சி கிடைத்துவிட்டாள். செல்லக்கிளி கீழே போய்க்கொண்டிருந்தாள். படிக்கட்டில் அவள் நடை வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டது.

“சார், வைகுண்டத்தோட கப்பல் வேலையை நிறுத்திருங்க.”

“விளையாடுறீங்களா? புருஷன் போறான்னதும் எப்படி உறைஞ்சுட்டாங்க பாத்தீங்களா! மூணாம் பாகத்துக்கும் வேணும். அவன் அங்கயே இருக்கட்டும்.”

“உறைஞ்சது அவங்க இல்ல. தொப்பி மாறிப்போச்சு. முதல் பாகத்துலயும் மாறிச்சு. நாச்சி நான்தான் சார்.”

எபனேசர் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் நாச்சி கல்லோடு நின்றிருந்தாள். அவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“அந்தப் பித்தளைச் சத்தம்?”

“எங்க அப்பா.”

கேட்டுக்கொண்டார். சோடாக் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் முகம் தெளிந்தது. வியாபாரி அல்லவா.

“நல்லதாப் போச்சு. வைகுண்டம் இங்கயே பாளம் இழுக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன் அமலா. மூணாம் பாகம் முடியிற வரைக்கும் அந்த அப்பாகிட்ட மட்டும் பேசிராதீங்க. முடிஞ்சதும் கால்ல விழுங்க, மடியில விழுங்க, உங்க இஷ்டம்.”

“பத்து வருஷமா பேசல. இன்னும் ரெண்டு வருஷம் பேசாம இருக்கிறதா கஷ்டம்?” என்றாள் அமலோற்பவம்.

பனிமலை தவறிப்போனதில் வைகுண்டத்துக்கு ஒரு வார வருத்தம். பிறகு, அந்தப் பனிமலை தன்னைத் தேடித் துறைமுகம் வரை வந்து அழுதுவிட்டுப் போனதாகப் பூனையிடம் சொல்ல ஆரம்பித்தான்.

இரண்டாம் பாகம் வெளிவந்தது. ரசிகர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். நடை அதே நடை. முறைப்பு அதே முறைப்பு. ‘ஒரு மயிரிழை மாறவில்லை, இதுவல்லவோ குணம்’ என்று எழுதினார்கள். மூன்றாம் பாகம் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று எபனேசர் ஐஸ் வியாபாரத்துக்கு இறங்கிவிட்ட பிறகும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். நடந்தது இதுதான்.

ஒரு மத்தியானம். ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. அமலோற்பவம் மட்டும் திரைமுன் உட்கார்ந்து கடைசிக் காட்சியை ஆடிக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள். டங், டங். நாச்சி நடந்துபோனாள். மறுபடி ஆடினாள். டங், டங். நாச்சி நடந்தாள். இந்தத் தடவையாவது, இந்தத் தடவையாவது என்று எத்தனை தடவை ஆடினாளோ. கீழே வாசலில் செல்லக்கிளி சிரிக்கும் சத்தம் கேட்டது. நாச்சியின் முதுகு புகைக்குள் சிறுத்துக்கொண்டே போயிற்று. அவள் திரும்பமாட்டாள். அவளால் முடியாது. திரும்ப முடிந்தவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அமலோற்பவம் திரையை அணைக்காமலே எழுந்து பஸ் ஏறினாள்.

பெரியதாழையில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கடல் அங்கேயும் கிட்டே வந்திருந்தது. கிணற்றுச் சுவரில் உப்புப் பூத்திருந்தது. கிழவர் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து, கையில் செம்பை வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தார். கதவு அன்றைக்கு அவள் விட்டுப்போன அளவுக்கே திறந்திருந்தது.

“அப்பா.”

அவர் கண்ணைத் திறந்தார். கனவா என்று கேட்கவில்லை. அதெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. “பஸ்ல கூட்டமா?” என்றார்.

“ஒரு செம்பு தண்ணி குடுங்க.”

அவர் இறைத்துக் கொடுத்தார். அவசரத்தில் பாதி மணலில் போயிற்று. அவள் அண்ணாந்து, ஒரு மூச்சில், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பச்சை உப்பு. கண்ணில் நீர் வந்துவிட்டது. புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

“எப்படிம்மா?” என்றார் கிழவர், செம்பைப் பார்த்துக்கொண்டே.

அமலோற்பவம் வாழ்க்கையில் முதல் தடவையாக முன்னுக்குப் பின் முரணாகப் பேசினாள்.

“மூக்குல ஏறுதுப்பா. சோடாதான்.”

தலையில் கை வைத்து ஆணையிட்டேனே, அந்த மகளா? எனக்குப் பிள்ளைகள் கிடையாது.